உங்களுக்குத் தெரியுமா? பொறுப்போடு அதிகாரமும் பெற்ற நீர்பாய்ச்சி

எம்.ரெட்டியபட்டியைச் சுற்றியுள்ள அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதி வானம் பார்த்த பூமி. கண்மாயில் நிற்கும் தண்ணீரே வெள்ளாமையைத் தீர்மானிக்கும். தென்மாவட்டக் கண்மாய்களில் நீரைப் பங்கிடும் வேலை நீர்பாய்ச்சி அல்லது நீர்க்கட்டி எனப்பட்டவருடையதாக இருந்தது. மடையைத் திறந்ததும் அடைத்ததும், கடைமடை வயல்வரை முறைவைத்துப் பாய்ச்சியதும் அவரே. தண்ணீர் குறைந்த காலத்தில் நிலக்காரர் தாமாக மடையில் கைவைக்கவில்லை. இன்றைய அலுவலகக் குழுக்கள் பல தடுமாறுவது யாருக்கு எந்த அதிகாரம் என்ற இந்தத் தெளிவு இல்லாததால்தான். நீர்பாய்ச்சி ஒருவர் கையில் இவ்வளவு அதிகாரமா, பாரபட்சம் வராதா என்று கேட்கலாம். அவருக்குக் கூலி எல்லோருடைய களத்திலிருந்தும் தானியமாக வந்தது. கடைமடை காய்ந்தால் அவர் பங்கும் குறைந்தது. அதுவே கடிவாளம்.

பல ஊர்களில் இந்த வேலை ஒடுக்கப்பட்ட சாதியினர்மீது பிறப்பால் சுமத்தப்பட்டது என்ற ஆட்சேபம் முழுக்க நியாயமானது. அந்த அநீதியை விலக்கினாலும் முறையின் பலன் குறையாது. ஸ்பெயினின் வலென்சியா பாசனத்தையும் ஆராய்ந்து, 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், நீடித்த அமைப்புகளில் பயனாளிகளுக்குப் பதில்சொல்லும் கண்காணிப்பாளர் இருந்ததைக் காட்டினார். குழு அமைப்பவர்களே, வேலையை ஒப்படைக்கும் அன்றே அதற்கான அதிகாரத்தையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.