பெயர் ஒன்று, முதலாளி வேறு

மும்பை நாக்தேவி தெருவில் என் கடைக்கு வரும் நம்மூர்த் தச்சர்கள் ஹைகோக்கி டிரில்லைப் பார்த்ததும், "ஐயா, இது ஹிட்டாச்சி டூப்ளிகேட்தானே?" என்பார்கள். அல்ல. ஹிட்டாச்சி கோக்கியை 2017-இல் கே.கே.ஆர். என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் வாங்கியது; 2018-இல் பிராண்டின் பெயர் ஹைகோக்கி ஆயிற்று. கம்பெனி பழசுதான்.

பெயர் அப்படியே நிற்க, சரக்கு மாறுவதுதான் வில்லங்கம். அமெரிக்காவின் போர்ட்டர்-கேபிள் 2004-இல் பிளாக் அண்ட் டெக்கர் வசம் போனது. அவர்களிடம் தொழில்காரர்களுக்கென்று டிவால்ட் ஏற்கெனவே இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு மூத்த பிள்ளை எதற்கு? போர்ட்டர்-கேபிள் மலிவு வரிசைக்கு இறங்கிவிட்டது.

கைமாறினாலே தரம் கெடும் என்றும் சொல்ல முடியாது. மில்வாக்கியை 2005-இல் ஹாங்காங்கின் டி.டி.ஐ. வாங்கியது. அதன்பின் லித்தியம் பேட்டரிக் கருவிகளால் அந்தப் பெயர் முன்னிலும் பெரிதாயிற்று. புது முதலாளி பணத்தை உள்ளே போடுகிறாரா, வெளியே எடுக்கிறாரா என்பதே கேள்வி.

அதனால் நான் டப்பாவின் மேலுள்ள பெயரைவிட, கார்பன் பிரஷ்ஷும் ஆர்மேச்சரும் கிடைக்குமா என்றே முதலில் விசாரிக்கிறேன். ஒரு கம்பெனி கைமாறியதும் உதிரிபாகம் நின்றுபோய், தச்சர் ஒருவரின் கூலி நாலு நாள் போயிற்று. விற்றவன் நான், வேறு மிஷின் கொடுத்தேன். பழையது இன்னும் பரணில் கிடக்கிறது.