சிசிலியத்தில் விரும்புதல்

பலெர்மோவில் நம்மவர் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது இத்தாலியம். தெருவில் கேட்பது சிசிலியமும்தான். 'நீ வரவேண்டும் என்று விரும்புகிறேன்' என்பதற்கு இத்தாலியத்தில் 'வொல்யோ கே து வெங்கா'. 'வருகிறாய்' என்பது 'வியேனி'. விருப்பத்தின் கீழ் வந்ததும் அது 'வெங்கா' என உருமாறுகிறது. சிசிலியத்தில் நிகழ்காலத்துக்கு இப்படித் தனிவடிவம் பெரும்பாலும் வழக்கில் இல்லை: 'வொக்யு கா வேனி'. சொல்லுக்குச் சொல், 'விரும்புகிறேன், நீ வருகிறாய்'! இதே சாயலில் இத்தாலியம் எழுதினால் வகுப்பில் சிவப்புக் கோடு விழலாம். ஆனால் இது அறியாமையன்று, இன்னோர் இலக்கணம். விருப்பம் இறந்தகாலத்துக்குப் போனால் சிசிலிய வினையும் மாறிவிடுகிறது: 'வுலியா கா வினிஸ்ஸி'.

தமிழ் வேறு வழி பிடிக்கிறது. 'வேண்டும்' விருப்பத்தைச் சொல்ல, 'என்று' அதை ஒருவர் வாய்ப்பேச்சுப்போல் ஏந்திச் செல்கிறது. பழைய வியங்கோளை எடுத்து 'வருக என விரும்பினேன்' என்றாலும், அந்த 'என' நம்மை விடுவதில்லை.