தன் டியூவைத் தானே கட்டிய போன்

1990-களில் நாமக்கல்லிலிருந்து ஒரு லாரி குவாஹாத்திக்கோ லூதியானாவுக்கோ கிளம்பிவிட்டால், அது திரும்பி வரும்வரை வண்டியைப் பற்றி ஓனருக்குத் தெரிந்தது கொஞ்சம், யூகித்தது அதிகம். வழியில் மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்.டி.டி. பூத் கண்ணில் பட்டால் டிரைவர் இறங்குவார். கட்டணம் குறையும் ராத்திரி நேரத்தில் அங்கே வரிசை நிற்கும். கூண்டுக்குள் நின்று, மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, "லோடு இறக்கியாச்சுங்க, ரிட்டர்ன் இன்னும் அமையலீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். டிரைவரின் வீட்டில் போன் இருக்காது. ஆபீசிலிருந்து யாராவது போய்ச் சொன்னால்தான் அங்கே சேதி. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் போர் போட வடக்கே போனவர்களின் வீடுகளிலும் இதே கதைதான். அவர்கள் திரும்ப மாதக்கணக்காகும்.

சேதி இல்லாததற்கு ஒரு விலை இருந்தது. சரக்கை இறக்கிய வண்டி திரும்பி வர லோடு கிடைக்காமல் நின்றால் டிரைவர் படி ஏறும், நாள் போகும், டியூ மட்டும் நிற்காது. டியூ என்றால் நாமக்கல்லில் விளக்கம் தேவையில்லை. பாதி ஊர் லாரி ஃபைனான்சில் ஓடுகிறது, மீதிப் பாதி அந்த லாரிகளுக்குப் பாடி கட்டியும் டயர் மாற்றியும் பிழைக்கிறது. (கோழிப் பண்ணைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர்களிடம் பிறகு வருகிறேன்.) கடனில் வாங்கிய வண்டி தன் டியூவைத் தானே சம்பாதித்துக் கட்ட வேண்டும் என்பதுதான் இங்கே எழுதாத சட்டம். கட்டாத வண்டியை விற்றுவிடுவார்கள். இந்தச் சட்டத்தைச் செல்போனுக்கும் வைத்துப் பார்த்தால் இந்த முப்பது வருடக் கதை எனக்குத் தெளிவாகிறது.

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-இல் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போனது. அன்றைக்கு நிமிடத்துக்கு 16 ரூபாய்வரை வசூலித்தார்கள், வரும் அழைப்புக்கும் காசு. அது லாரிக்காரர் தொடுகிற பொருளே அல்ல. 1999-இல் ஏர்செல் தமிழ்நாட்டுக்கு வந்தது, 2002-இல் பி.எஸ்.என்.எல். செல் சேவையைத் தொடங்கியது. ஆனாலும் கணக்கை மாற்றியது 2003 மே மாதம்தான். வரும் அழைப்பு இலவசமானது. டிரைவர் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், ஓனர் திருப்பிக் கூப்பிடுவார். அதே ஆண்டில் நோக்கியா 1100 வந்தது. தூசி புகாத ரப்பர் கீபேட், வழுக்காத உடல், தலையில் ஒரு டார்ச். ராத்திரி நடுவழியில் டயர் பஞ்சரானால் அந்த டார்ச்சின் அருமை தெரியும். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற அந்தப் போனை யாரோ நம் டிரைவர்களைக் கேட்டுத்தான் செய்தார்களோ என்று தோன்றும்.

அந்தப் போன் தன் விலையைச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டது. நாக்பூரில் லோடு இறங்கும் முன்பே, ரிட்டர்ன் லோடுக்குப் புக்கிங் ஆபீசில் பேசி முடிக்க முடிந்தது. காலியாக நிற்கும் ஒரு நாள் மிச்சமானாலே போனுக்குப் போட்ட காசு வந்துவிட்டது.

ஸ்மார்ட்போன் இங்கே ஆசையாக நுழைந்து, பிறகு கட்டாயமாக மாறியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை தரைக்கு இறங்கியதும் வாட்ஸ்அப்பில் லோடு குரூப்புகள் முளைத்தன. 2018 ஏப்ரல் முதல் மாநிலம் தாண்டும் சரக்குக்கு இ-வே பில் வேண்டும். அதே ஆண்டில் லைசென்ஸையும் ஆர்.சி.யையும் டிஜிலாக்கரில் காட்டினால் போதும் என்றாயிற்று. 2021 பிப்ரவரியில் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயம், பேலன்ஸ் தீர்ந்தால் உடனே ஏற்ற வேண்டும். டீக்கடையில் க்யூ.ஆர். அட்டை. பட்டன் போனை வைத்துக்கொண்டு இனி நேஷனல் பர்மிட் வண்டி ஓட்டுவது பெரும்பாடு. பண்ணைக்காரர்களும் அன்றன்றைய முட்டை விலையைப் போனில்தான் பார்க்கிறார்கள். ஆக, இரண்டாவது தாவலும் தன் டியூவைக் கட்டியது.

மூன்றாவது தாவல் என்று ஒன்று இருக்கிறதா?

கடையில் இருப்பதாகத்தான் சொல்கிறார்கள். 2024 செப்டம்பரில் வந்த ஐபோன் 16-இன் தொடக்க விலை 79,900 ரூபாய். அடுத்த ஆண்டு அதே மாதம் ஐபோன் 17 வந்தது, 82,900 ரூபாய். பழையதன் விலையில் அன்றே 10,000 ரூபாய் குறைந்தது. ஒரே வருடத்தில் அந்தப் பழைய போனுக்கு என்ன ஆகிவிட்டது? ஒன்றும் ஆகவில்லை, புதியது வந்தது, அவ்வளவுதான். கேமரா கொஞ்சம் மேம்பட்டது, திரை இன்னும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, இடம் இரட்டிப்பானது. நல்லவைதான், மறுக்கவில்லை. எஸ்.டி.டி. பூத்திலிருந்து நோக்கியாவுக்கும், நோக்கியாவிலிருந்து வாட்ஸ்அப்புக்கும் தாவியபோது ஒரு தொழிலே நடை மாறியது. 16-லிருந்து 17-க்குப் போனால் எந்த லாரிக்கும் ஒரு லோடு கூடக் கிடைக்கப்போவதில்லை.

இப்போது பண்ணைக்காரர் கணக்கு. முட்டை ஒன்று ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 82,900 ரூபாய்க்கு 16,580 முட்டை. ஒரு கோழி ஆண்டுக்கு 300 முட்டை இடுகிறது என்றால், 55 கோழிகளின் ஒரு வருட உழைப்பு. அதுவும் விற்றுமுதல்தான், லாபமல்ல. தீவனம், மருந்து, கரண்டு எல்லாம் போக முட்டைக்கு 50 காசு மிஞ்சுகிறது என்று தாராளமாக வைத்தால், 550 கோழிகள் வருடம் முழுக்க அந்தப் போனுக்காகவே முட்டையிட வேண்டும்.

இவ்வளவு கணக்குத் தெரிந்த ஊரில்தான் பையன் கேட்டான் என்று 24 மாத டியூவில் போன் எடுக்கிறோம். மாதம் ஏறக்குறைய 3,450 ரூபாய். வட்டியில்லாத் தவணை என்பார்கள். செயலாக்கக் கட்டணம், ரொக்கமாக வாங்கினால் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடி, இரண்டையும் கேட்டுப் பாருங்கள், வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும். லாரி டியூவில் வளர்ந்த ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் போன் கடைக்குள் நுழைந்ததும் மறந்துபோகிறது. 2020 ஏப்ரலில் செல்போனுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. லாரிக்கான 28 சதவீதம் 2025 செப்டம்பரில் 18-க்கு இறங்கியது. லாரிக்கும் போனுக்கும் இப்போது ஒரே வரி.

லாரிக்காரர் டயர் தேய்ந்தால் வண்டியை மாற்றமாட்டார். ரப்பர் தேய்ந்து, உள்கட்டு நன்றாக இருந்தால் ரீட்ரேடிங் போட்டு ஓட்டுவார். போனில் முதலில் தேய்வது பேட்டரி. லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியதும் கொள்ளளவு குறையும். 500 முழுச் சுற்றுக்குப் பிறகு 80 சதவீதம் நிற்கும்படி வடிவமைத்ததாகவே ஆப்பிள் தன் பழைய மாடல்களுக்குச் சொல்லிவந்தது, ஐபோன் 15 முதல் அது 1,000 சுற்று. தினமும் சார்ஜ் போடுகிறவருக்கு இரண்டு மூன்று வருடத்தில் "போன் ஸ்லோ ஆயிருச்சு" என்ற புகார் வருவதில் இதற்குப் பங்குண்டு. 2017 டிசம்பரில், பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைத் தன் மென்பொருளே குறைக்கிறது என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துபோகாமல் இருக்கத்தான் என்றது. எதிர்ப்புக் கிளம்பியதும் பேட்டரி மாற்றும் கட்டணத்தை அமெரிக்காவில் 79 டாலரிலிருந்து 29 ஆகக் குறைத்தது. புதுப் பேட்டரி போட்டதும் பழைய வேகம் திரும்பியது. அதற்குள் புதுப் போன் வாங்கியவர்கள் எத்தனை பேரோ.

ரீட்ரேடிங்குக்கும் ஒரு எல்லை உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமல்ல. டயரின் உள்கட்டு போய்விட்டால் எந்தப் பட்டறையும் கை வைக்காது. போனுக்கு அந்த உள்கட்டு, நிறுவனம் அனுப்பும் பாதுகாப்பு அப்டேட். அது நின்றபின் அந்தப் போனில் ஃபாஸ்டேக்கும் வங்கிக் கணக்கும் வைத்திருப்பது ஆபத்து. செயலிகளும் ஒவ்வொன்றாகக் கைவிடும். 2025 ஜனவரி முதல் ஆண்ட்ராய்டு 4.4 போன்களில் வாட்ஸ்அப் வேலை செய்வதில்லை. அப்படிப்பட்ட போன் வைத்திருப்பவர் மாற்றியே ஆக வேண்டும், அவரிடம் சிக்கனம் பேச மாட்டேன். பிக்சல் 8-க்கு 2023-இலும், கேலக்ஸி எஸ்24-க்கு 2024-இலும் ஏழு வருட அப்டேட் என்று கூகுளும் சாம்சங்கும் அறிவித்தன. போனைத் தயாரிப்பவரே ஏழு வருடம் ஓடும் என்று எழுதிக் கொடுக்கும்போது நாம் ஏன் இரண்டாம் வருடமே எக்ஸ்சேஞ்சுக்குக் கிளம்புகிறோம் என்பது எனக்குப் புரியாத கணக்கு.

விலை உயர்ந்த போன் தன் டியூவைக் கட்டும் ஆட்களும் இருக்கிறார்கள். கல்யாண வீடியோவில் ரீல்ஸ் எடுத்துக் கொடுத்துச் சம்பாதிக்கும் பையனுக்குக் கேமராதான் தொழில் கருவி. அவன் எடுக்கட்டும், அவனுக்கு அது வண்டி. மற்றவர்களுக்கு 20,000 ரூபாய்க்குள் ஒரு போன், அப்டேட் எத்தனை வருடம் என்று கேட்டு வாங்கி, நடுவில் ஒரு பேட்டரி மாற்றி, நான்கு வருடம் ஓட்டினால் மாதத்துக்குச் சுமார் 420 ரூபாய்தான் ஆகிறது, பேட்டரிச் செலவு தனி.

பரமத்தி ரோட்டில் வண்டியைப் பட்டறைக்கு விட்டுவிட்டுக் காத்திருக்கும் டிரைவர்களிடம் என்ன போன் வேண்டும் என்று கேட்டால் மெகாபிக்சலைப் பற்றிப் பேச்சே வருவதில்லை. வெயிலில் திரை தெரிய வேண்டும், இரண்டு சிம் போட வேண்டும், கேபினில் இன்ஜின் சத்தத்துக்கு மேல் ஸ்பீக்கர் கேட்க வேண்டும், கீழே விழுந்து டிஸ்ப்ளே உடைந்தால் ஹைவே ஓரத்துச் சின்ன ஊரிலேயே வேறு டிஸ்ப்ளே கிடைக்க வேண்டும். முதல் மூன்றும் 15,000 ரூபாய்ப் போனிலேயே கிடைக்கின்றன. நான்காவது, விலை ஏற ஏறக் கிடைப்பது கஷ்டம்.