திருவனந்தபுரத்து வைடூரியம்

நவமணிகளுள் ஒன்றான வைடூரியத்தை மோதிரத்தில் பதித்து அணிவோர் நம்மிடையே பலர். விளக்கொளியில் விரலை அசைத்தால், பூனையின் கண்மணி போன்ற வெண்கோடு ஒன்று கல்லின்மேல் நகர்வதைக் காணலாம். இக்கல் இலங்கையில் மட்டுமே கிடைப்பது என்று எண்ணுவோர் உளர். திருவனந்தபுரம் மாவட்டத்தின் மலையடிவாரங்களும் இதன் பிறப்பிடமே.

வைடூரியம் கிரைசோபெரில் என்னும் கனிமத்தின் ஒரு வகை. பெரிலியம், அலுமினியம், ஆக்சிஜன் ஆகியவை சேர்ந்து, பெக்மடைட் என்ற பாறையில் இது உருவாகிறது. பாறை காலப்போக்கில் சிதைய, கற்கள் மழைநீரோடு உருண்டு பள்ளத்தாக்குகளையும் ஆற்றுப் படுகைகளையும் அடைகின்றன. சாதாரண வெண்கல்லின் அடர்த்தி 2.65, கிரைசோபெரிலின் அடர்த்தியோ ஏறத்தாழ 3.7. எனவே இது சரளையின் அடித்தட்டில் தங்கிவிடுகிறது. குழி தோண்டிச் சரளையை எடுத்து, சல்லடையிலிட்டு நீரில் அலசி, எஞ்சிய கற்களுள் மணியைக் கண்ணாலேயே தேர்வர்.

அரசின் அனுமதியின்றி இவ்வாறு தோண்டுவது 1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டப்படி குற்றம். மூடாமல் விடப்படும் குழிகளால் ஆற்றங்கரைகள் சரிகின்றன. காடும் வயலும் கெடுகின்றன. ஆகவே, கல் எங்கிருந்து வந்தது என்று விற்பவரைக் கேட்பது நமது கடமையுமாகும்.

கிரைசோபெரிலில் மூவகை புகழ்பெற்றவை. தெளிந்த மஞ்சள், பச்சைக் கற்களுக்குப் பட்டை தீட்டுவர். நுண்ணிய ஊசி போன்ற இழைகள் உள்ளே இணையாக அமைந்த கல்லைக் குமிழ் வடிவில் தீட்டினால், அதுவே வைடூரியம். பகலொளியில் பச்சையாகவும் குண்டு விளக்கின் ஒளியில் சிவப்பாகவும் தோன்றுவது அலெக்சாண்டிரைட். குரோமியமே இந்நிறமாற்றத்துக்குக் காரணம்.

ஒளியால் மதிப்புப் பெறும் மற்றொரு கல் ஓப்பல். ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியில் 1915 முதல் குழிகள் தோண்டி இதனை எடுக்கின்றனர். நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் அதில் பல வண்ணங்கள் மின்னுகின்றன. ஆனால் அது நீர் கலந்த மென்மையான கல். கடும் வெப்பத்தில் வெடிப்பு விழக்கூடும். அதன் கடினத்தன்மை 5.5 முதல் 6.5 வரை, வைடூரியத்தினுடையது 8.5. ஆதலால் அன்றாடம் அணியும் மோதிரத்துக்கு வைடூரியமே ஏற்றது.

நகரும் கோட்டை மட்டும் கண்டு வாங்கிவிடலாகாது. விலை குறைந்த குவார்ட்ஸ் கல்லிலும், கண்ணாடி இழைகளை இணைத்துச் செய்த போலியிலும் அதே கோடு தோன்றும். கண்ணாடிப் போலியைப் பக்கவாட்டில் உருப்பெருக்கியால் நோக்கினால் தேன்கூடு போன்ற அமைப்புத் தெரியும். இது இயற்கைக் கல்லில் இராது. குவார்ட்ஸைப் பிரித்தறிய ஆய்வுக்கூடச் சோதனையே துணை. கனிமத்தின் பெயர், எடை, இயற்கையானதா செயற்கையானதா என்பவற்றைக் குறிக்கும் சான்றிதழைப் பெற்று, பற்றுச்சீட்டுடன் பாதுகாத்தல் நன்று.

வாடிக்கையாளர்கள் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். நகைக்கடன் வழங்குகையில் பொன்னின் மதிப்பே கணக்கிடப்படும். பதித்த கற்களின் எடை கழிக்கப்படும். கல்லுக்கு எத்துணை விலை கொடுத்திருப்பினும் கடன் தொகை அதனால் உயராது. அவசரத் தேவைக்கென நகை வாங்குவோர் பொன்னை நாடுக. கல்லின் அழகுக்காக வாங்குவோர், அதன் பிறப்பும் தரமும் அறிந்து வாங்குக.