மருந்தின் பயனா, தற்செயலா?
பெரியம்மைச் சோதனை ஒன்றின் கணக்கு

1963-ஆம் ஆண்டில், சென்னையில் நடைபெற்ற ஒரு சோதனையின் முடிவுகள் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியாயின. பெரியம்மை கண்டவர்களோடு நெருங்கிப் பழகியவர்களுள் 1,101 பேருக்கு மெத்திசசோன் என்னும் வைரஸ் எதிர்ப்பு மருந்து கொடுக்கப்பட்டது. 1,126 பேருக்குக் கொடுக்கப்படவில்லை. மருந்துண்டவர்களில் மூவருக்கே, அதுவும் இலேசாக, நோய் கண்டது. உண்ணாதவர்களில் 78 பேர் நோயுற்றனர். அவர்களுள் 12 பேர் இறந்தனர்.

இவ்வேற்றுமை தற்செயலாய் நேர்ந்திருக்கக்கூடுமா என்பதே புள்ளியியலார் எழுப்பும் முதல் வினா. இதனை வகுப்பறையிலேயே கணக்கிட்டுக் காட்டலாம். மருந்து பயனற்றது என்றே வைத்துக்கொள்வோம். அவ்வாறாயின், நோயுற்ற 81 பேரும் இரு பிரிவுகளிலும் ஏறத்தாழ அவற்றின் தொகைக்கேற்பக் காணப்படுதல் வேண்டும். 81-ஐ 1,101-ஆல் பெருக்கி, மொத்தத் தொகையாகிய 2,227-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 40 வரும். நாற்பதின்மரை எதிர்பார்த்த இடத்தில் மூவர்! நாணயத்தை 81 முறை சுண்டி, மூன்று முறை மட்டுமே தலை விழுவதைப் போன்றது இது. கோடி கோடியில் ஒரு பங்கு வாய்ப்பும் இதற்கில்லை.

ஆயினும் நாணயக் கணக்கு இங்கு முற்றிலும் பொருந்தாது. ஒரு வீட்டில் அம்மை புகுந்தால் அவ்வீட்டார் பலரையும் அது பற்றும். அவர்களைத் தனித்தனி நாணயங்களாகக் கொள்ளலாகாது. இதற்கு இடங்கொடுத்துக் கணக்கிட்டாலும் வேற்றுமை பெரிதே.

இதனினும் பெரிய ஐயம் ஒன்றுண்டு. நிகழ்தகவுக் கணக்கு தற்செயலைப் பற்றி மட்டுமே பேசும். இரு பிரிவினரும் தொடக்கத்தில் ஒத்திருந்தனரா என்பதை அது அறியாது. முன்பே அம்மை குத்திக்கொண்டவர்கள் ஒரு பிரிவில் மிகுந்திருக்கலாம். நோயாளியின் பாயிலேயே படுத்தவரும், வாசலில் நின்று பேசிச் சென்றவரும் பதிவேட்டில் ‘தொடர்புடையவர்’ என்றே ஏறுவர். வீடு வீடாய்ச் சென்று பெயர் எழுதியவர்களுக்கு இது நன்கு தெரியும். ஆகவே, எவருக்கு மருந்து என்பதைக் கொடுப்பவரின் விருப்பத்திற்கு விடாமல், திருவுளச்சீட்டுப் போன்ற முறையால் முடிவு செய்தல் வேண்டும். ஏனையோருக்கு அதே தோற்றமுள்ள போலி மருந்தைக் கொடுத்து, எவருக்கு எது என்பதைக் கொடுப்பவரும் உண்பவரும் அறியாதவாறு மறைத்தலும் வேண்டும்.

பாகிஸ்தானில் போலி மருந்துடன் ஒப்பிட்டு, இவ்வாறு மறைத்து நடத்தப்பட்ட சோதனைகளின் முடிவு 1971-இல் வெளியாயிற்று. இரு பிரிவினர்க்கும் நோய் கண்ட விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. பெரியம்மை ஒழிந்ததென்று 1980-இல் உலகச் சுகாதாரப் பேரவை அறிவித்தது. அவ்வெற்றி அம்மை குத்துதலாலும், நோயாளிகளைத் தேடிக் கண்டறிந்து தனிமைப்படுத்தியதாலும் கிட்டியதாகும்.