உச்சி வேண்டாம், அடிவாரம் போதும்: ஜொகூர் காட்டுப் பாதைகளில் மூத்தோர் நடை

தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்தில் நடையை யாரும் உடற்பயிற்சி என்று சொன்னதில்லை. விடியுமுன் கிளம்பி, மரத்துக்கு மரம் நடந்து, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்புவது அன்றாட வேலை. தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் வந்த பிறகு பலருக்கு அந்த நடை நின்றுவிட்டது. சோறும் தேத்தண்ணியும் மட்டும் பழையபடி தொடர்கின்றன.

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்கள் நூறு பேரில் 18 பேருக்கு அப்போது நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். மருந்தோடு நடையும் சேர்ந்தால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது எளிதாகும். அந்த நடைக்கு ஏற்ற நிழலான இடங்கள் ஜொகூரில் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.

நடந்தால் என்ன நன்மை?

நடக்கும்போது கால் தசைகள் இரத்தத்தில் உள்ள சர்க்கரையை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. இரத்த அழுத்தம் குறைய உதவுகிறது. கால்கள் வலுப்பட்டு, உடல் தள்ளாடாமல் நிற்கப் பழகுகிறது. மூத்த வயதில் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பழையபடி நடமாடுவது பலருக்குக் கடினம். அதனால் விழாமல் இருப்பதும் ஒரு மருத்துவம்தான்.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாளுக்கு 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் அந்தக் கணக்கு சரியாகிவிடும். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கும் கால் வலுவுக்குமான பயிற்சிகளும் செய்வது நல்லது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் சில விநாடி நிற்பதும் அத்தகைய பயிற்சியே.

இந்தக் காடுகள் எப்படி மிஞ்சின?

ஜொகூரின் காடுகள் 19-ஆம் நூற்றாண்டில் காம்பீருக்கும் மிளகுக்கும் வெட்டப்பட்டன. பிறகு ரப்பர் வந்தது. அதன்பின் செம்பனை வந்தது. நம் முன்னோர் பலர் உழைத்தது அந்தத் தோட்டங்களில்தான். செங்குத்தான மலைகளிலும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளிலும் மட்டும் காடு பெருமளவு தப்பியது.

குனோங் பூலாய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1927-இல் ஜொகூரும் சிங்கப்பூரும் செய்த தண்ணீர் ஒப்பந்தத்தின்படி, இங்கே 2,100 ஏக்கர் நிலம் சிங்கப்பூருக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. ஓடை வற்றாமல் இருக்க மரம் நிற்க வேண்டும். ஆகவே அந்த மலைக்காடு காக்கப்பட்டது. இங்குள்ள நீர் ஆலை 2011-இல் ஜொகூரிடம் ஒப்படைக்கப்பட்டது.

எங்கே நடக்கலாம்?

ஊத்தான் பண்டார், ஜொகூர் பாரு. இது பழங்காடு அல்ல. மாநகருக்குள் மரங்கள் அடர்ந்த பூங்கா. போடப்பட்ட பாதைகள் இருப்பதால் புதிதாக நடக்கத் தொடங்குபவர்களுக்கு ஏற்றது. முதல் மாதத்தை இங்கே பழகிக்கொள்ளுங்கள்.

குனோங் லம்பாக், குளுவாங். 510 மீட்டர் உயரமுள்ள இந்த மலை நகருக்கு மிக அருகில் இருப்பதால், குளுவாங் மக்கள் பலர் காலையில் இங்கே நடக்க வருகிறார்கள். உச்சிக்குப் போகும் பாதை செங்குத்தானது. அது உங்களுக்குத் தேவையில்லை. அடிவாரத்தில் மரநிழலில் நடந்து திரும்பினாலே போதும்.

குனோங் பூலாய், பொந்தியான் மாவட்டம். 654 மீட்டர் உயரம். உச்சியில் உள்ள தொலைத்தொடர்புக் கோபுரங்கள் வரை தார்ச் சாலை செல்வதால், வேர் தடுக்கும் என்ற பயம் குறைவு. ஆனால் ஏற்றம் உண்டு. கொஞ்ச தூரம் போய்த் திரும்புங்கள்.

தஞ்சோங் பியாய், பொந்தியான் மாவட்டம். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை. 2003-இல் அனைத்துலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக இது அறிவிக்கப்பட்டது. பாக்காவ் மரங்களுக்கு நடுவே நடைபாலம் போடப்பட்டிருக்கிறது. ஏற்ற இறக்கம் இல்லை. மழை பெய்தபின் பலகை வழுக்கும்.

சில இடங்களில் நுழைவுக் கட்டணமும் பதிவும் உண்டு. பராமரிப்புக்காகவோ மழைக்காகவோ மூடியிருக்கவும் கூடும். பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள்.

கிளம்புமுன்

இருதய நோய், நீரிழிவு, முழங்கால் வலி உள்ளவர்கள் முதலில் கிளினிக்கில் மருத்துவரிடமோ தாதியிடமோ கேளுங்கள்.

இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்காதீர்கள். சட்டைப் பையில் மிட்டாய் வைத்திருங்கள். கை நடுக்கம், வியர்வை, தலைசுற்றல் வந்தால் உடனே உட்கார்ந்து அதைச் சாப்பிடுங்கள்.

சிலிப்பர் வேண்டாம். பிடிப்புள்ள காலணியும் காலுறையும் அணியுங்கள். தண்ணீர், கைத்தொலைபேசி, மைகார்டு, ஊன்றுகோல் எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள், எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

நடக்கும்போது

முதல் வாரம் போக 10 நிமிடம், வர 10 நிமிடம் போதும். பிறகு மெல்லக் கூட்டுங்கள். பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுதான் சரியான வேகம். இறங்கும்போது முழங்காலுக்குச் சுமை அதிகம். கால் வழுக்குவதும் அப்போதுதான். சின்ன அடி வையுங்கள்.

காலையில் வெளிச்சம் வந்தபின் கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்புங்கள். மாலையில் இடிமழை அடிக்கடி வரும். வானம் இருண்டாலோ ஓடை நீர் திடீரென்று கலங்கினாலோ உடனே வெளியேறுங்கள். 2001 டிசம்பர் மாதம் கனமழையால் குனோங் பூலாயில் மண் சரிந்து உயிர்கள் பறிபோயின. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் அன்று வீட்டுக்குள்ளேயே நடங்கள்.

குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். காலில் புண் இருந்தால் ஓடையில் இறங்காதீர்கள். எலிச் சிறுநீரால் பரவும் கிருமி அந்த வழியாக உடலுக்குள் போகலாம்.

நெஞ்சு இறுக்கம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, கடுமையான மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் நடையை நிறுத்தி உட்காருங்கள். உடனிருப்பவர் 999-ஐ அழைக்கட்டும். "கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்" என்று காத்திருக்காதீர்கள்.

வீடு திரும்பியதும்

காலுறையைக் கழற்றி, பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியை வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். கொப்புளம் வந்தாலும் வலிக்காது. கவனிக்காத சிறு காயம் காலையே இழக்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம். புண் இருந்தால் அன்றே கிளினிக்குக்குப் போங்கள்.

எத்தனை நாள், எத்தனை நிமிடம் நடந்தீர்கள் என்று நாள்காட்டியில் குறித்து வையுங்கள். அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது அதைக் காட்டுங்கள். உங்கள் சர்க்கரை அளவோடு அதையும் சேர்த்துப் பார்த்து, இனி எவ்வளவு நடக்கலாம் என்று மருத்துவர் சொல்வார்.