பகைவன் விட்டுச் சென்ற துவக்கு

புறநானூற்றைப் பயின்றோர், ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியை மறந்திரார். நெய் பூசி, பீலி சூட்டி அடுக்கி வைக்கப்பட்டிருந்த அவனுடைய படைக்கலங்களைக் கண்ட அம்மூதாட்டி, அதியமானின் வேல்களோ போரிற் சிதைந்து கொல்லனின் உலைக்களத்திற் கிடக்கின்றன என்று நயம்படச் சொன்னார். படைக்கலத்துக்கு இவ்விரண்டு இடங்களையே அப்பாட்டு அறியும். மூன்றாவதோர் இடமும் உண்டு. யுத்தம் முடிந்து, படை கலைந்து, ஏந்தியவனும் மண்ணாகிய பின்னர், ஆயுதம் ஒரு குடியானவனின் வீட்டுக்குட் புகுகிறது. தந்தை கையிலிருந்து மகன் கைக்கும், அவன் கையிலிருந்து பேரன் கைக்கும் மாறிக் காட்டுக்குப் போய் இறைச்சி தேடித் தருகிறது.

வேல் ஏராக உருமாறுவதைப் பற்றி அறிஞர் பலர் பேசியுள்ளனர். ஆனால் இது உருமாற்றமும் அன்று. கொல்வதற்கென்று செய்த கருவி கொல்வதற்கே பயன்படுகிறது. அவ்வாறாயின் மாறியது யாது? நோர்வே நாட்டின் வரலாறு இவ்வினாவுக்கு நல்ல விடை தருகிறது.

1940 ஏப்ரில் 9ஆம் திகதி ஜேர்மன் படைகள் நோர்வேயின் துறைமுகங்களிற் புகுந்தன. ஐந்தாண்டு ஆக்கிரமிப்பு தொடங்கிற்று. பொதுமக்கள் தம்மிடமுள்ள துவக்குகளை ஒப்படைக்க வேண்டுமெனக் கட்டளை பிறந்தது. தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வந்தவன் வெறுங்கையன் ஆனான். 1945 மே மாதத்தில் ஜேர்மனி சரணடைந்தபோது, அந்நாட்டில் நின்ற மூன்றரை இலட்சம் அளவிலான ஜேர்மன் போர்வீரர் அங்கேயே ஆயுதங்களைக் கீழே வைத்தனர். துவக்கைப் பறிக்க வந்தவன், தன் துவக்குகளைக் குவியல் குவியலாக விட்டுப் போனான்!

அக்குவியலில் மிகுதியாக இருந்தது மவுசர் றைபிள். 1898இல் ஜேர்மனி ஏற்றுக்கொண்ட வடிவத்தின் வழிவந்து, 1935இற் குறுக்கப்பட்ட ‘கராபீனர் 98கே’ என்பது அதன் பெயர். நீளம் ஏறத்தாழ 1.1 மீற்றர், நிறை 4 கிலோகிராம் அளவு, உள்ளே ஐந்து ரவைகள். யுத்தம் முடிவதற்குள் ஒரு கோடிக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. இதன் பூட்டுப் பொறியமைப்பு எவ்வளவு உறுதியானதெனில், இன்றும் உலகின் பல வேட்டைத் துவக்குகள் அதனையே பின்பற்றுகின்றன.

யுத்தத்தால் வறுமையுற்ற நோர்வே அரசு இவற்றை உருக்கி எறியவில்லை. தன் படைகளுக்கும், 1946இல் உருவான ஊர்காவற் படைக்கும் வழங்கியது. பின்னர் அமெரிக்காவிலிருந்து வந்த ரவைகளுக்கு ஏற்றவாறு பலவற்றின் குழலை மாற்றி, 7.62 மில்லிமீற்றர் அளவினதாக்கியது. ஜேர்மன் ரவையினும் அமெரிக்க ரவை நீளமானது. ஆகவே உள்ளறையையும் சிறிது கடைய வேண்டியிருந்தது. படை என்னும் பொருள்படும் ‘ஹேர்’ என்ற நோர்வேச் சொல் அவ்விரும்பிற் பொறிக்கப்பட்டது. கொங்ஸ்பெர்க் ஆயுதத் தொழிற்சாலை 1959ஆம் ஆண்டின் பெயர் தாங்கிய தன் இலக்குச் சுடும் றைபிளுக்கும் இப்பழைய மவுசர் உடலையே எடுத்துக்கொண்டது. காலப்போக்கிற் படை கழித்துவிட்டவை குடிமக்கள் கைக்கு வந்தன. அவர்கள் காலஞ்சென்றதும் பிள்ளைகள் கைக்கு வந்தன.

அப்பிள்ளைகள் பெறுவது வெறும் இரும்பும் மரமும் அல்ல. ‘ஹேர்’ என்ற சொல்லுக்கு அருகிலேயே கழுகும் சுவஸ்திகமும் கொண்ட நாசிப் பரிசோதனை முத்திரை பல துவக்குகளில் அழியாது நிற்கிறது. செய்த ஆலையைக் காட்டும் குறியெழுத்துகளும் உண்டு. சிலவற்றிலுள்ள குறி ஒஸ்திரியாவின் ஸ்ரயர் ஆலையைச் சுட்டும். அந்நிறுவனம் மௌதவுசன் வதைமுகாமின் கிளையான கூசெனில் அடைபட்ட கைதிகளைக் கொண்டு துவக்கின் உறுப்புகளைச் செய்வித்தது. பாட்டன் அன்போடு தந்த பொருளின் உட்புறத்தில், பெயரறியாத ஓர் அடிமையின் கைபட்டிருக்கலாம். அம்முத்திரையை அரம் கொண்டு தேய்த்துவிட வேண்டுமென்று சிலர் எண்ணுவது இயல்பே. எம் கருத்து வேறு. தேய்ப்பதால் நிகழ்ந்தது நிகழாததாகிவிடாது. பேரன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே தேய்ந்துபோகும். (1948ஆம் ஆண்டளவில் இஸ்ரேலும் இதே றைபிள்களை வாங்கியது. நாசி முத்திரை கிடக்க, தன் முத்திரையையும் பொறித்துப் பயன்படுத்தியது. இதனினும் விந்தையான உடன்வாழ்வு வேறெங்குண்டு?)

இனி வேட்டைக்கு வருவோம். துவக்கு வீட்டிலிருப்பதாற் பேரன் வேட்டைக்காரன் ஆகிவிட முடியாது. தன் பெயரில் அனுமதி பெறவேண்டும். பூட்டிய பெட்டகத்தில் வைக்கவேண்டும். 1986 முதல், புதிதாக வேட்டைக்குப் புகுவோர் அதற்கான பரீட்சையில் தேறவேண்டும். பெருவிலங்கு வேட்டைக்கு 18 வயது நிறைந்திருத்தல் வேண்டும்.

துவக்கும் தன் பரீட்சையில் தேறவேண்டியதாயிற்று. படைவீரனுக்கென அமைத்த குறிநோக்கியில் 100 மீற்றர் தொடங்கி 2,000 மீற்றர் வரை அளவு வெட்டப்பட்டிருக்கும். இரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கும் மனிதனை எவனும் தனித்தறிந்து சுடுவதில்லை. கூட்டத்தை நோக்கிச் சுடுதல் என்ற பழைய எண்ணத்தின் எச்சம் அது. பைன் காட்டிலோ, சுடும் தூரம் பெரும்பாலும் 100 மீற்றருக்கு உட்பட்டது; அங்கே எந்த விலங்கு, ஆணா பெண்ணா, கன்று பின்னே நிற்கிறதா என்றெல்லாம் தெளிந்த பின்னரே விரல் அசையவேண்டும். ஆகவே தொலைநோக்கிக் கண்ணாடி பொருத்தினர். அதற்காக இரும்பைத் துளைத்தனர். துப்பாக்கிமுனைக் கத்தி மாட்டும் பகுதியைக் கழற்றினர். குழலை மூடியிருந்த நீண்ட மரத்தை அறுத்துக் குறுக்கினர். பழம்பொருள் சேகரிப்போர் இன்று இதனைக் கண்டு நெஞ்சுருகுகின்றனர். பசித்த வீட்டில் இறைச்சிக்காக அறுத்தவனை அவர்கள் கடிந்து பயனில்லை.

ஆயினும் பெரிய மாற்றம் மரத்திலும் கண்ணாடியிலும் இல்லை. அது ரவையில் உள்ளது.

கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் என்னும் ஊரின் ஆயுதசாலையில், 1890களில், பிரித்தானியர் ஒரு புதுவகை ரவையைச் செய்தனர். ஈயத்தின் நுனியை உலோகக் கவசத்தால் மூடாது விட்டமையால், அது உடலிற் புகுந்ததும் காளான்போல் விரிந்து பெரும் புண் விளைத்தது. 1899இல் ஹேக் மாநாட்டில் கூடிய நாடுகள், உடலுள் எளிதில் விரியும் ரவைகளைப் போரிற் பயன்படுத்தலாகாது எனப் பிரகடனம் செய்தன. அதனாற் படைவீரனின் ரவை முழுக்கவசம் பூண்டது. அது ஊடுருவிச் செல்லும்; பெரும்பாலும் சிறு துளையே விடும். காயமுற்றவன் பிழைக்கவும் கூடும் என்பதே அக்கட்டுப்பாட்டின் கருணை.

அதே கருணை காட்டிற் கொடுமையாகிவிடும். முழுக்கவச ரவை பாய்ந்த விலங்கு வீழாது. சிறு துளையோடு நெடுந்தூரம் ஓடி, ஏதோவொரு புதருள் மணிக்கணக்காகக் கிடந்து மாளும். வேட்டைக்காரனுக்கு இறைச்சியும் இல்லை, விலங்குக்கு விரைந்த முடிவும் இல்லை. ஆகையால் பெருவிலங்கு வேட்டையில் விரியும் ரவையே வேண்டுமென்று நோர்வேயின் விதி கட்டளையிடுகிறது. மனிதனைச் சுடுவதற்கு விலக்கப்பட்டது எதுவோ, விலங்கைச் சுடுவதற்கு விதிக்கப்பட்டது அதுவே! முதற்பார்வையில் இது முரணாகத் தோன்றும். சற்று ஆழ்ந்து நோக்கினால், போரின் சட்டம் சுடப்பட்டவன் உயிர்பிழைக்க இடம் வைக்கிறது. வேட்டையின் சட்டம் சுடப்பட்ட உயிர் துன்புறாமல் முடிய வழி செய்கிறது. துவக்கு ஒன்றேயாயினும், அதை ஏந்துபவனின் கடமை தலைகீழாகிவிடுகிறது. பாட்டனின் துவக்கோடு பழைய படை ரவைகளும் ஒரு தகரப் பெட்டியிற் கிடைத்தால், அவை வேட்டைக்கு ஆகா.

நோர்வேயில் இவ்வாறு வேட்டையாடப்படும் தலையாய விலங்கு எல்க். ஈண்டு ஒரு சொல் விளக்கம் தேவை. நுவரெலியாவில் வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் முதலான ஆங்கிலேயர் எல்க் என்றெழுதியது நமது மரையையே. வடநாட்டு எல்க் வேறு. விரிந்த அகப்பை போன்ற கொம்பும் தொங்கும் மூக்கும் உடையது. வளர்ந்த ஆண் 400 கிலோகிராமைத் தாண்டும். ஆண்டுதோறும் 20,000இற்கும் மேற்பட்டவை அங்கே வேட்டையில் வீழ்கின்றன. எத்தனை சுடலாம் என்பதற்கு அதிகாரிகள் அளவு வகுக்கின்றனர்.

பெருவிலங்கு வேட்டைக்குச் செல்வோர் ஒவ்வோராண்டும் சுடும் தேர்வுக்கு வரவேண்டும். முதலில் பயிற்சிக்கென 30 ரவைகள். பின்னர் 100 மீற்றர் தொலைவில் ஐந்து ரவைகள்; ஐந்தும் 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டத்துள் விழவேண்டும். நான்கு விழுந்து ஒன்று தவறினாலும் தேர்ச்சியில்லை. நாற்பதாண்டு அனுபவமுள்ள முதியவரும், சென்ற ஆண்டு துவக்கைப் பெற்ற பேத்தியும் ஒரே வரிசையிற் படுத்துச் சுடுகின்றனர்.

இலையுதிர் காலத்தில் வேட்டை தொடங்கும். ஊரவர் குழுவாகச் செல்வர். சிலர் குறித்த இடங்களில் அசையாது காத்திருப்பர். ஒருவர் நாயுடன் காட்டினுட் செல்வார். பல மணி நேரம் எதுவும் நிகழாது. குளிர், ஈரம், தூரத்துக் குரைப்பு, மறுபடியும் அமைதி. சுட்டுக் காயமுற்ற எல்க் ஓடிவிட்டால், மோப்பம் பிடித்துத் தேடப் பழக்கிய நாயொன்று கிடைக்கக்கூடியதாக முன்னரே ஏற்பாடு செய்திருத்தல் வேண்டும். அதுவும் சட்டம். குழு அன்றைய வேட்டையை விட்டுவிட்டு இரத்தத் தடத்தைப் பின்தொடரும்.

எல்க் வீழ்ந்த இடத்திலேயே குடலை எடுத்து, உடலை இழுத்துவந்து, தோலுரித்துக் கொட்டிலிற் தொங்கவிடுவர். சில நாட்களின் பின் இறைச்சியைப் பங்கிடுவர். துவக்கைத் துடைத்து, குழலுள் எண்ணெய்த்துணி செலுத்திப் பெட்டகத்திற் பூட்டுவது அன்றிரவின் கடைசி வேலை.